ஆப்பிரிக்காவைப் பார்த்த சுவர்

முஸ்லிம்கள் மேற்கு நோக்கித் தொழுவார்கள் என்று முப்பது வயது வரை நம்பியிருந்தேன். ஏன் மேற்கு என்று யாராவது கேட்டிருந்தால் பதிலும் வைத்திருந்தேன். கிழக்கை நாங்கள் எடுத்துக்கொண்டுவிட்டோம், தெற்கு எமனுக்கு, வடக்கு குபேரனுக்கு, மிச்சம் இருந்தது மேற்கு, அதை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பி பாகப்பிரிவினை மாதிரி திசைகளைச் சுமுகமாகப் பிரித்து வைத்திருந்தேன். லண்டனில் இருக்கிற முஸ்லிமும் மேற்கே பார்த்துத் தொழுதால் அவர் அமெரிக்காவையல்லவா கும்பிட வேண்டும் என்ற சந்தேகம் எனக்கு வந்ததே இல்லை.

ஜவுளிக் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறவனாக இருந்திருந்தால் இந்த நம்பிக்கையால் யாருக்கும் கெடுதல் வந்திருக்காது. நான் வீட்டுக்கு பிளான் போடுகிறவன். எண்பதுகளின் பின்பாதியில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் மாடியில், ஒரு மேஜை, ஒரு டி-ஸ்கொயர், ஒரு மின்விசிறி, இவற்றோடு நானும் இருந்தேன். முடிச்சூர்ப் பக்கம் நெல் வயல்களில் கல் நட்டு மனை போட்டுக்கொண்டிருந்த காலம். நாற்று நடுவதை விட வேகமாகக் கல் நட்டார்கள். வேலை நிறைய வந்தது. தன்னம்பிக்கை அதைவிட நிறைய வந்தது.

அப்போதுதான் ஹார்டுவேர் கடை பாய் முடிச்சூரில் மனை வாங்கி வீடு கட்ட என்னிடம் வந்தார். தாம்பரத்தில் பாதி வீடுகளுக்கு அவர் கடைக் கம்பிதான். பேச்சு குறைவு. எதைச் சொன்னாலும் "சரி சார்" என்பார். பிளான் பேசக் கடைக்குப் போனபோது அவர் மனைவியும் வந்திருந்தார். பல்லாவரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து, பார்வை மங்கியதால் வேலையை விட்டவர். கல்லாவின் விளிம்பைப் பிடித்தபடி நின்று என்னோடு பேசினார்.

"ஒரு கண்ணு போயாச்சு தம்பி. இன்னொண்ணு குழாய் வழியா பாக்கற மாதிரி கீழ்மேல் தெரியாம இருக்கு. அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்லிட்டார். அழறதுக்கு வரல, ஒரு அறை கேக்க வந்திருக்கேன்."

"சொல்லுங்கக்கா."

"தொழறதுக்கு ஒரு சின்ன அறை. பின்னால இருக்கற செவுத்துல முதுகை ஒட்டி வெச்சு, அப்படியே ரெண்டடி முன்னால வந்து நின்னா, நான் நேரா நிக்கணும். யாரையும் கேக்கக் கூடாது. இப்போ ஒவ்வொரு வேளையும் 'நான் நேரா நிக்கறேனா பாருங்க'ன்னு யாரையாவது கூப்பிடறேன். போன வாரம் வீட்ல யாருமில்ல, வாசல்ல வந்த பால்காரரைக் கேட்டுட்டேன். அவர் பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கற மாதிரி 'ரைட்ல வாங்கம்மா, இன்னும் ரைட்ல, ஹோல்டான்'ங்கறார். எனக்குச் சிரிப்பு வந்து தொழுகையே போச்சு."

நானும் சிரித்தேன். அவர் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "கிப்லாவுக்கு நேரா இருக்கணும் தம்பி. நம்ம ஊர்ல மேற்குலேர்ந்து..."

"தெரியும்க்கா, தெரியும். அதெல்லாம் எங்க வேலை."

அந்த வாக்கியத்தை அவர் முடித்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது. கிப்லா என்றால் தொழும் திசை என்பது வரைக்கும்தான் எனக்குத் தெரியும். மனை தெளிவாகக் கிழக்கு மேற்காகக் கிடந்தது. அறையைக் கச்சிதமாக மேற்குப் பார்த்துப் போட்டு, பிளானில் "தொழுகை அறை" என்று அழகாக எழுதி, கீழே இரண்டு கோடும் இழுத்தேன்.

சுவர்கள் எழும்பின. மே மாதத் தொடக்கத்தில் லிண்டல் போட்டாயிற்று. மேலே கூரை மட்டும் பாக்கி. அப்போது பாயின் மைத்துனர் சவூதியிலிருந்து லீவில் வந்தார். வரும்போது ஒரு சின்னப் பச்சை காம்பஸ் கொண்டுவந்தார். எந்த ஊரில் இருந்தாலும் மக்கா எந்தப் பக்கம் என்று காட்டும் காம்பஸ். பாய் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குழந்தை மாதிரி சந்தோஷமாக சைட்டுக்கு வந்தார். அறை நடுவில் ஒரு செங்கல் மேல் வைத்தார். நானும் மேஸ்திரியும் குனிந்து பார்த்தோம்.

மேஸ்திரிதான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னா சார், இது வேற எங்கியோ பாத்துகினு கீது?"

அம்பு சுவரின் நடுவைக் காட்டவில்லை. வலது பக்க மூலையைப் போய்க் காட்டியது.

அந்த ஒரு நொடியில் என் மூளை வேலை செய்த வேகத்தை பாலிடெக்னிக்கில் காட்டியிருந்தால் தங்கப் பதக்கம் கிடைத்திருக்கும். "கம்பி!" என்றேன். "சுத்தி முழுக்கக் கம்பி கிடக்கு பாருங்க. இரும்பு பக்கத்துல இருந்தா முள்ளு உளறும்."

வாழ்நாள் முழுக்கக் கம்பி விற்ற அந்த மனுஷர், மூலையில் கட்டி வைத்திருந்த கம்பிகளைக் குற்ற உணர்ச்சியோடு பார்த்தார். "என் கம்பியா சார்?"

"உங்க கம்பிதான் பாய்."

"சரி சார்," என்றார் பாய்.

அன்று சாயந்திரம், கம்பியே இல்லாத ஏரிக்கரை வெட்டவெளியில் என் சர்வே காம்பஸை வைத்துப் பார்த்தேன். மேற்கு என்னவோ மேற்கில்தான் இருந்தது. மக்கா அங்கே இருக்குமா என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பள்ளிக்கூட அட்லஸை எடுத்து, தாம்பரத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேர் மேற்காகக் கோடு இழுத்தேன். கோடு அரபிக்கடலைத் தாண்டி, அரேபியாவின் அடிவிளிம்பை உரசிக்கொண்டு, நேரே ஆப்பிரிக்காவுக்குள் போய்விட்டது. மக்கா அதற்கு எவ்வளவோ மேலே, ஒரு சின்னப் புள்ளியாக, என்னைப் பார்க்காதது மாதிரி இருந்தது.

உடனே பெருக்கிப் பார்த்தேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. வருஷத்துக்கு ஆயிரத்து எண்ணூற்று இருபத்தைந்து. அந்த அம்மாள் இன்னும் நாற்பது வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டவன், அந்த எண்ணைப் பார்த்ததும் பயந்து முப்பதாகக் குறைத்தேன். பிறகு என்மேலேயே வெறுப்பு வந்து மறுபடி நாற்பதாக்கினேன். எல்லாம் என் தலையில்தான் விடியும். எங்கள் எமனிடம் ஒரு விசாரணை, அவர்கள் பக்கம் ஒரு விசாரணை. இரண்டு கோர்ட்டிலும் எனக்கு வக்கீல் கிடையாது.

மூன்று நாள் தலைமறைவாக இருந்தேன். ஹார்டுவேர் கடை இருக்கும் தெருவைத் தவிர்க்க, ஸ்டேஷனுக்கு ஊரைச் சுற்றிப் போனேன். பகலில் கிளை நூலகத்தில் ஒளிந்துகொண்டேன். அங்கே இஸ்லாமிய வரலாறு பற்றித் தடித் தடியாக இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. ஞானத்துக்காகப் படிக்கவில்லை. கொலைக் கேஸில் மாட்டியவன் சட்டப் புத்தகத்தைப் புரட்டுவது போல, எங்காவது ஒரு ஓட்டை கிடைக்குமா என்று தேடினேன்.

ஓட்டை தேடப் போனவன் கதைக்குள் விழுந்தேன். தொடக்க காலத்தில் அவர்கள் ஜெருசலேம் நோக்கித் தொழுதார்களாம். நபி மதீனாவுக்குக் குடிபெயர்ந்து ஒன்றரை வருஷம் போல ஆன பிறகுதான் மக்காவின் பக்கம் திரும்பச் சொல்லிக் கட்டளை வந்தது. மதீனாவிலிருந்து ஜெருசலேம் வடக்கே, மக்கா தெற்கே. செய்தி வந்தபோது ஒரு பள்ளிவாசலில் தொழுகை நடந்துகொண்டிருந்ததாகவும், தொழுதுகொண்டிருந்தவர்கள் அப்படியே பாதியில் திரும்பி மிச்சத்தை முடித்ததாகவும் எழுதியிருந்தது. கட்டடம் அங்கேயே இருந்தது. ஆட்கள் திரும்பிக்கொண்டார்கள். அந்தப் பக்கத்தை நான் நான்கு முறை படித்தேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வந்த தொல்லை அவர்களுக்கும் வந்திருக்கிறது. நபி மறைந்து நூறு வருஷத்துக்குள் அந்த மார்க்கம் ஒரு பக்கம் ஸ்பெயினையும் இன்னொரு பக்கம் சிந்துவையும் தொட்டுவிட்டது. போன ஊரில் எல்லாம் முதல் கேள்வி ஒன்றுதான்: மக்கா எந்தப் பக்கம்? சில ஊர்களில், நபி மதீனாவில் தெற்கே பார்த்தாரே என்று இவர்களும் தெற்கே பார்த்தார்கள். சில ஊர்களில் காற்றடிக்கும் திசையைக் கேட்டார்கள். சிலர் நம்முடைய அகத்திய நட்சத்திரம் எழும் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். ஒரே ஊரில் இரண்டு பள்ளிவாசல் இரண்டு பக்கம் பார்த்ததும் உண்டு. எனக்கு முன்னாலேயே இந்தத் தொழிலில் நிறைய பேர் இருந்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் அவர்கள் என்னைப் போல ஒளிந்துகொள்ளவில்லை. பாக்தாத்தில் உட்கார்ந்து கிரேக்கப் புத்தகத்தையும் இந்தியக் கணக்கையும் மொழிபெயர்த்தார்கள். பூமியின் ஒரு டிகிரி எவ்வளவு நீளம் என்று பாலைவனத்தில் நடந்து அளந்தார்கள். ஒரே சந்திர கிரகணத்தை இரண்டு ஊரில் இரண்டு பேர் பார்த்து, நேரத்தைக் குறித்து, ஊருக்கும் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடித்தார்கள். கஜினியில் இருந்த ஒருவர் தன் ஊரின் திசையைக் கணக்கிட ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஒரு முழுப் புத்தகம்! நான் "தெரியும்க்கா" என்று ஒரு வார்த்தையில் முடித்திருந்தேன்.

நான்காம் நாள் காலை வாசலில் பாயின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. நான் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மனைவி ஏற்கெனவே சொல்லிக் கொடுத்ததை ஒப்பித்தாள். "அவர் செங்கல்பட்டு போயிருக்காரே."

"அப்படியா," என்றது பாயோடு வந்திருந்த அக்காவின் குரல். "இங்க ஆம்பளை செருப்பு கால்ல தட்டுதே. வெறுங்காலோடயா செங்கல்பட்டு போனார்?"

என் மனைவி சிரித்துவிட்டாள். இதற்குமேல் கதவுக்குப் பின்னால் நிற்பதில் அர்த்தமில்லை. வெளியே வந்து, உட்காரச் சொல்லாமல், காபி வேண்டுமா என்று கேட்காமல், சொல்லிவிட்டேன். "அக்கா, சுவர் தப்பு. கம்பி மேல பழி போட்டேன். கம்பி ஒண்ணும் பண்ணல."

பாய் நிதானமாகக் கேட்டார். "எவ்வளவு தப்பு சார்?"

"ஆப்பிரிக்கா பாய்."

அட்லஸைக் காட்டினேன். அக்காவால் பார்க்க முடியாது என்று உணர்ந்து, கோடு போகும் இடங்களை வாயால் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே வந்தவர், எத்தியோப்பியா என்றதும் கடகடவென்று சிரித்தார்.

"அபிசீனியா தம்பி அது! மக்காவுல எங்க ஆளுங்களை இருக்க விடாம அடிச்சப்போ, மொத மொதல்ல அடைக்கலம் குடுத்த ஊரு. கிறிஸ்தவ ராஜா. திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்புன்னு ஆள் வந்து கேட்டும் அனுப்பல. நீங்க தப்பாக் கட்டினாலும் மரியாதையான எடத்தைப் பாத்துத்தான் கட்டியிருக்கீங்க."

நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அவர் சிரிப்பு முதலில் நின்றது. மெதுவாகக் கேட்டார். "அப்போ, அந்த ரூம்ல நான் தனியா நேரா நிக்க முடியாதா?"

அவர் திட்டியிருந்தால் தேவலை. பாய் எழுந்து நின்றார். "இடிச்சிடலாம் சார். நாளைக்கே."

"இருங்க," என்றார் அக்கா. "மொதல்ல எவ்வளவு சாய்வுன்னு சரியாப் பாப்போம். தம்பி, லாக் டேபிள் வெச்சிருக்கீங்களா?"

வைத்திருந்தேன். ஆடிக்கொண்டிருந்த கட்டில் காலுக்கு முட்டாக. உருவியதும் கட்டில் மேற்குப் பக்கமாகவே சாய்ந்தது.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கணக்கைச் சொல்லச் சொல்ல, நான் டேபிளைப் பார்த்து எண்களைப் படித்தேன். இரண்டு ஊரின் அட்சரேகை, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தீர்க்கரேகை வித்தியாசம், ஸைன், காஸ், பெருக்கு, கழி. கரும்பலகை இல்லாமல், காகிதம் இல்லாமல், அவர் விரல்கள் மட்டும் மடியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தன. முதல் தடவை விடை வந்ததும் அட்லஸில் வைத்துப் பார்த்தேன்.

"அக்கா, ருஷ்யா வருது."

"ருஷ்யாவுக்கு நான் எதுக்கு தம்பி போறேன்? ஸைனுக்குப் பதிலா காஸ் படிச்சிருப்பீங்க. பாலிடெக்னிக்ல கணக்குல எவ்வளவு?"

"இருபத்தெட்டு."

"இந்த ஸைன் நம்ம ஊர்லேர்ந்து பாக்தாத் போனது, தெரியுமா? அங்க அதைத் தேச்சு, தீட்டி, வேற வேற டேபிள் போட்டு உலகத்துக்குக் குடுத்தாங்க. அது சுத்திட்டுத் திரும்பி வந்து உங்களை ஃபெயிலாக்கியிருக்கு. மறுபடி படிங்க."

மறுபடி படித்தேன். மேற்கிலிருந்து வடக்குப் பக்கமாகப் பதினெட்டு டிகிரி. அக்கா தலையாட்டினார். கடையில் என்னிடம் சொல்ல வந்து, நான் முடிக்க விடாத எண் அதுதான்.

மறுநாள் சைட்டில் பஞ்சாயத்து. இடிக்கலாம் என்றால் மேஸ்திரி தலையில் கை வைத்தார். "இன்னா பாய், இப்பத்தானே லிண்டல் போட்டேன்! சொவத்தை அவ்ளோ சாச்சா ரூமு முக்கோணமாப் பூடும்." அக்காவும் வேண்டாம் என்றார். பக்கத்து அறையில் வைக்க வேண்டிய தையல் மெஷினுக்கு இடம் போய்விடும். தரையில் சாய்வாகக் கோடு போடலாம் என்றார் பாய். நல்ல யோசனைதான். பல பள்ளிவாசல்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கோட்டைப் பார்க்கக் கண் வேண்டும்.

எனக்கு என் வாசல் செருப்பு ஞாபகம் வந்தது.

"அக்கா, கால்ல தட்டற மாதிரி ஒண்ணு இருந்தா?"

அவருக்கு முன்பே மேஸ்திரிக்குப் புரிந்துவிட்டது. "பாத்ரூம்ல தண்ணி வெளிய வராம ஒரு கரை கட்டுவோம்ல, அத்த மாதிரியா? சாய்வா? அத்த ரெண்டு அவர்ல போட்டுக் குடுத்துடுவேன்மா, இதுக்குப் போயி சொவத்தை இடிச்சிகினு!"

"முன்னால வேணாம், பின்னால," என்றார் அக்கா உடனே. "குதிகால் ஒட்டற மாதிரி. பள்ளிவாசல்ல வரிசை நிக்கறதே குதிகால் பாத்துத்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சேர்த்தார்: "அன்னிக்கு மதீனாவுல திரும்பினது ஆளுங்கதானே? செவுரு இல்லையே."

நூலகத்தில் நான் நான்கு முறை படித்த பக்கம். நானும் படித்தேன் என்று சொல்ல வாய் வந்தது. "தெரியும்க்கா" என்ற வார்த்தைக்குப் பயந்து மூடிக்கொண்டேன்.

என் கணக்கை யாரும் நம்பவில்லை, முக்கியமாக நான். அதற்கும் அக்காவிடம் ஒரு வழி இருந்தது. வருஷத்தில் இரண்டு நாள், மே கடைசியில் ஒரு முறையும் ஜூலை நடுவில் ஒரு முறையும், நண்பகலில் சூரியன் மக்காவுக்கு நேர் உச்சியில் நிற்கும். அந்த நிமிஷத்தில் உலகத்தில் எங்கே நின்று சூரியனைப் பார்த்தாலும் மக்காவைப் பார்த்தது மாதிரி. மே மாதத்தில் நம் ஊருக்கு அது பிற்பகல் மூன்று மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் முன்னால். "கத்திரி முடியற அன்னிக்கு. அது வரைக்கும் கூரை போடாதீங்க. வெயில் உள்ள வரட்டும்."

கத்திரி வெயில் சீக்கிரம் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஒரே தாம்பரத்துக்காரன் நானாகத்தான் இருப்பேன். அன்று பார்த்து மத்தியானம் மேகம் கூடியது. இரண்டரைக்குள் ரேடியோவை வைத்து வாட்சை மூன்று முறை சரி செய்தேன். மேஸ்திரி இரண்டு சுவருக்கும் குறுக்கே ஒரு சவுக்குக் கழியைப் போட்டு, அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். நூல் இருந்தது, குண்டு இருந்தது, நிழல் இல்லை.

"வந்துடும் சார்," என்றார் மேஸ்திரி. "நீ இப்டி மேல பாத்து மொறைச்சா அது பயந்துகினு வராது."

இரண்டு நாற்பத்தைந்துக்கு மேகம் விலகியது. நூலின் நிழல் தரையில் கருப்பாக விழுந்தது. நான் வாட்சைப் பார்த்து "இப்போ!" என்று கத்தினேன். மேஸ்திரி நிழல் மேல் சுண்ணாம்பால் கோடு இழுத்தார். மூன்று, நான்கு, ஐந்து அடி வைத்துச் செங்கோணம் பார்த்து அதற்குக் குறுக்கே இன்னொரு கோடு. நான் கோணமானியோடு தரையில் மண்டியிட்டேன். பதினெட்டு. மறுபடியும் வைத்தேன். பதினெட்டு.

சொல்லலாம் என்று நிமிர்ந்தேன். அக்கா எங்கள் யாரையும் கேட்காமல் அறைக்குள் வந்திருந்தார். செருப்பில்லாமல் மணல் மேல் நின்று, கண்ணை மூடி, முகத்தைத் தூக்கி, வெயிலைத் தேடுவது போல மெல்ல இப்படியும் அப்படியும் திரும்பினார். இரண்டு கன்னத்திலும் வெயில் ஒரே மாதிரி பட்ட இடத்தில் நின்றார்.

"இங்க," என்றார்.

குனிந்து அவர் காலைப் பார்த்தேன். இரண்டு குதிகாலும் குறுக்கே போட்ட சுண்ணாம்புக் கோட்டின் மேல் இருந்தன. பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு கம்பிக் கட்டை எண்ண ஆரம்பித்தார். மேஸ்திரி மட்டும் என்னிடம் கிசுகிசுத்தார்: "அம்மாவே போதும் சார். உன்னிய எதுக்கு வெச்சிகினாங்க?"

சுவர் இடிக்கப்படவில்லை. அது இன்றைக்கும் ஆப்பிரிக்காவைத்தான் பார்க்கிறது. அறையின் சிவப்புத் தரையில், அரை விரல் உயரத்தில், சாய்வாக ஒரு கரை ஓடுகிறது. குடிபுகுந்த அன்று முதலில் அதில் தடுக்கி விழுந்தது நான்.

அடுத்த வருஷம் அக்காவின் இன்னொரு கண்ணும் போயிற்று. அதற்குப் பிறகு அந்த அறையில், நான் நேராக நிற்கிறேனா என்று அவர் யாரையும் கேட்கவில்லை.